அரக்குப் பட்டுப் பந்து

பிஸ்கட் டின் மூடியைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. புவனேஸ்வரிக்கு அது நல்ல வாசம்தான். பட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுகிற வாசம். டின்னுக்குள் வெள்ளை வேட்டித் துணியில் முடிந்துவைத்த மூன்று பொட்டலங்கள். ஒன்றைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றுபோனது.

உள்ளே பந்து இல்லை. பந்து இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சப்பையாகக் கிடந்தது. துணிக்கு வெளியே குண்டூசி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவசரமாக முடிச்சை அவிழ்த்ததில் ஒரு ஊசி விரலில் ஏறியது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

போன மாதம் அவள் வைத்தபோது அது பட்டுப் பந்து. முக்கோணம் முக்கோணமாக மடித்த அரக்குப் பட்டுத் துண்டுகளை வரிசைக்கு எட்டாக அடுக்கி, கூர் எல்லாம் உச்சியில் வந்து கூடுகிற மாதிரி குண்டூசி குத்தி, நடுவில் பச்சைக் கரையை நாடாவாகச் சுற்றி, கொக்கி வைத்து முடித்த பந்து. இப்போது பார்த்தால் வெயிலில் நாலு நாள் கிடந்த கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. மடிப்பெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சொருகிப்போய், ஊசிகள் கோணல்மாணலாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. அழுத்திப் பார்த்தாள். பட்டுக்கு அடியில் பிசின் காய்ந்த மாதிரி ஒரு கட்டி. பட்டைப் பிரிக்கலாம் என்று ஒரு மடிப்பைப் பிடித்து இழுத்தாள். வந்தது. பாதி துணி கையோடு வந்தது, பாதி கட்டியோடு நின்றுவிட்டது.

இரண்டாவது பொட்டலமும் அப்படித்தான். மூன்றாவதைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிரிக்காத வரைக்கும் அது நன்றாக இருக்கலாம் அல்லவா? அப்புறம் பிரித்தாள். அதுவும் அப்படித்தான்.

அடுப்பில் குக்கர் ஆறு விசில் அடித்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏ புவனா, குக்கர் கத்துறது காதுல விழல?" என்று கேட்டுக்கொண்டே முத்துராஜ் உள்ளே வந்தான். அவளுடைய வீட்டுக்காரன். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கிற கொட்டகைகளுக்கு லோடு ஆட்டோவில் கொட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறவன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியவன் அவள் மடியைப் பார்த்தான். "அட கருமமே, என்னாச்சு? எலியா?"

"எலின்னா கடிச்ச எடம் தெரியும்லங்க. இது உள்ளுக்குள்ளயே செத்துப்போயிருக்கு."

"யாரு தொட்டா?"

"யாரும் தொடல. ஒரு மாசமா பீரோவத் தொறக்கவே இல்ல. ஐயோ, நான் இன்னாசியண்ணனுக்கு என்னத்தச் சொல்லுவேன்? சனிக்கிழமை கிறிஸ்மஸ் மரம் வெக்கிறோம், கொண்டாந்து குடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரே!"

அந்தச் சேலை என்ன சேலை என்று முத்துராஜுக்கும் தெரியும்.

புவனேஸ்வரி தையல்காரி. கந்தர்வக்கோட்டைக்கு மேற்கே ரோட்டோரத்தில் வீடு, முன்னறையில் மிஷின். ரவிக்கை, சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தைப்பாள். வெட்டுத்துணி வீணாகிறதே என்று போனில் பார்த்துப் பார்த்துத் துணிப்பந்து செய்யக் கற்றுக்கொண்டாள். போன வருடம் மாதாகோயில் குடிலுக்கு இருபது பந்து செய்து கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கொத்தனார் இன்னாசியின் மூத்த மகள் ஷர்லி அப்பாவை இழுத்துக்கொண்டு புரட்டாசியில் இவள் வீட்டுக்கு வந்தாள். அவர் கையில் ஒரு மஞ்சப்பை.

பையைக் கொடுத்துவிட்டு இன்னாசி நின்றுகொண்டே பேசினார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"எங்கள்ல பொம்பளைக்கிக் கல்யாணச் சேலைதான் தங்கச்சி கடைசிச் சேலையும். அதக் கட்டித்தான் பொட்டியில வெப்போம். எம் வீட்டுக்காரி மேரிக்கி அது வாய்க்கல. கொரோனாவுல பையில போட்டு ஜிப்ப இழுத்துக் கொண்டாந்தாங்க. நான் இந்த மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டு கல்லறைத் தோட்டத்து கேட்ல நின்னேன். கட்டிவிட வேணாம், மேலயாவது போட்டுவிடுங்கன்னு கேட்டேன். கிட்ட வராதீங்கன்னுட்டாங்க. அவங்களச் சொல்லியும் குத்தமில்ல, அன்னிக்கி நெலம அப்படி."

வீட்டுக்கு வந்து பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியவர்தான். மூன்று வருடம் தொடவில்லை. ஊர் வீட்டு மாடியெல்லாம் பூசிக் கொடுக்கிற மனிதர் தன் வீட்டு ஒழுக்கை மட்டும் பார்க்காமல் விட்டார். மழை சுவரோடு இறங்கிப் பைக்குள் போயிருக்கிறது. ஈரத்துக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குப் பின்னால் எலி வந்தது. ஷர்லி ஒருநாள் பையைக் கழற்றி விரித்தபோது சேலை மடிப்புக்கு மடிப்பு இற்றுக் கையோடு வந்திருக்கிறது. முந்தானைப் பக்கம் ஒன்றரை முழமும் கொஞ்சம் கரையும்தான் தேறியது.

"தேறுனத வெச்சு மூணு பந்து செஞ்சு குடுங்க அத்தை" என்றாள் ஷர்லி. "அப்பாக்கு ஒண்ணு, தங்கச்சி அன்புமொழிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எடுத்து மாட்டிக்குவோம். நான் கல்யாணமாகி எங்க போனாலும் என்னோடது எங்கூட வரும்." முந்தானை ஓரத்தில் ஒரு இடத்தைத் தடவிக் காட்டினாள். பத்துப்பைசா அகலத்துக்கு ஒரு மெழுகுக் கறை. "இது அம்மா கல்யாணத்தன்னிக்கி மெழுகுதிரி சாஞ்சு விழுந்தது. இது தெரியிற மாதிரி என்னோடதுல வெச்சிருங்க."

புவனேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "எனக்கு மனசு வரலண்ணே. வெட்டுனா வெட்டுனதுதான்."

"வெட்டுங்க தங்கச்சி. பையில வெச்சு நான் காப்பாத்துன லட்சணம்தான் தெரியுதே" என்றார் இன்னாசி. இற்றுப்போன மிச்சத்தைச் சுருட்டி அதே மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பட்டுக்கு உள்ளே வைக்கிற பந்து வாங்க அவள் புதுக்கோட்டைக்கே போனாள். கந்தர்வக்கோட்டையில் கிடைக்காமல் இல்லை. ஸ்கூல் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வாங்குகிற தெர்மாகோல் பந்து அங்கேயும் இருக்கிறது. ஆனால் அது பெருமணிப் பந்து, பொரி உருண்டை மாதிரி. இரண்டு தடவை ஊசியைக் குத்தி எடுத்தால் பொலபொலவென்று உதிரும். வெட்டுத்துணிக்கு அது போதும். மேரி சேலைக்கு அது ஆகாது என்று அவளே முடிவு பண்ணிக்கொண்டாள்.

புதுக்கோட்டை கீழராஜ வீதிப் பக்கம் ஆத்மநாதன் என்பவருடைய ஃபேன்சி ஸ்டோரில் கண்ணாடி மேஜை முழுக்கப் பந்தைப் பரப்பவைத்தாள். ஒவ்வொன்றையும் மேஜையில் உருட்டி விட்டாள். கோணல் இருந்தால் ஓட்டத்தில் தெரிந்துவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்தால் ஒதுக்கினாள். பஞ்சு திணித்த துணி உருண்டையை அவர் காட்டியபோது, "இதுல ஊசி நிக்காது சார்" என்று தள்ளினாள். மெல்லிசு பிளாஸ்டிக் பந்தைக் காட்டியபோது, "இதுல ஊசியே எறங்காது" என்றாள். கடைசியில் சிறுமணிப் பந்து ஒன்றை எடுத்துக் கையோடு கொண்டுபோயிருந்த குண்டூசியைக் குத்தி, தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தாள். ஊசி அசையவில்லை.

"ஏம்மா, மாப்பிள்ளை பாக்க வந்தவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க" என்றார் ஆத்மநாதன்.

"மாப்பிள்ளை சரியில்லன்னா சமாளிச்சுக்கலாம் சார். இது சரியில்லன்னா முடியாது."

மூன்றங்குல அளவில் மூன்று எடுத்தாள். கைத்தவறுக்கு இருக்கட்டும் என்று நாலாவதும் ஒன்று. ஐப்பசி முழுக்க மழை, கரண்ட் வருவதும் போவதும். பகல் வெளிச்சத்தில் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பந்துக்கு நாலு நாள் எடுத்துக்கொண்டு செய்தாள். அவள் கைத்தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று செய்ததில்லை. கைத்தவறே வரவில்லை. நாலாவது பந்து வெள்ளையாக டிவி மேலே உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் அவள் செய்ததுதான் இந்தப் பாச்சா உருண்டை வேலை. ஒரு தடவை பூச்சியும் எலியும் தின்ற சேலை, இன்னொரு தடவை விடுவேனா என்று ஒரு வைராக்கியம். வீட்டில் பட்டு எடுத்துவைத்தால் பாச்சா உருண்டை போடாமல் வைக்கிற வழக்கம் உண்டா? அவள் அம்மா போட்டாள், அவள் மாமியார் போட்டார், அவளும் போட்டாள். சேலைக்கு மடிப்புக்கு ஒன்று போடுகிற இடத்தில் இதற்குப் பொட்டலத்துக்கு ஆறு வைத்து முடிந்தாள். காற்றுப் புகாத டின், அதற்கு மேல் பீரோ.

வினை இதில்தான் என்று நமக்குத் தெரிகிறது. டின்னுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த புவனேஸ்வரிக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆத்மநாதன் மட்டமான பந்தைத் தலையில் கட்டிவிட்டான்.

மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தாள். தலை வாரவில்லை, சாப்பிடவில்லை. வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனாள். கடையில் நாலு பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் மேஜை மேல் பையைக் கவிழ்த்தாள்.

"என்னத்த சார் குடுத்தீங்க? பாத்துப் பாத்து வாங்கிட்டுப் போனேனே! இந்தச் சேல இனிமே கெடைக்குமா? செத்துப்போன பொம்பள சேல சார் இது! நாசமாப்போச்சே!"

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆத்மநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். அவருக்கும் முகம் மாறிவிட்டது. முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறார், இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கொண்டுபோனார்.

"ஏம்மா, நாலு வாங்கிட்டுப் போனியே, நாலாவது எங்க?"

"அது டிவி மேல சும்மா கெடக்கு."

"எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, அப்படியேதான்..." சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப பந்து மேல குத்தமில்லம்மா. நாலும் ஒரே பாக்கெட்டுல இருந்து எடுத்துக் குடுத்தது. இதோட என்னத்தப் போட்டு வெச்ச?"

"வேற ஒண்ணும் போடல. பூச்சி அரிக்காம இருக்க அஞ்சாறு பாச்சா உருண்டை..."

ஆத்மநாதன் பந்தை மேஜை மேல் மெதுவாக வைத்தார். "அதாம்மா. தெர்மாகோலுக்கும் அதுக்கும் ஆகாது. எம் மருமக நவராத்திரிக் கொலுவுல வெச்ச தெர்மாகோல் கோபுரத்த இத மாதிரிதான் பாச்சா உருண்டையோட கட்டிப் பரண்ல போட்டுச்சு. மறு வருசம் எடுத்தா கோபுரமும் இல்ல ஒண்ணும் இல்ல, பசை மாதிரி அட்டையில ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு. அந்த உருண்டையில இருந்து வர்ற காத்தே போதுமாம், இத உருக்கிரும். நீ ஒட்டவே வெச்சிருக்க, டின்னுல போட்டு மூடியும் வெச்சிருக்க."

புவனேஸ்வரி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஸ்டூல் போட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வந்த வேகத்துக்குக் கடைக்காரரை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இப்போது யாரைக் கேட்பது? எலியும் மழையும் விட்டுவைத்ததை அவள் கையே தின்றுவிட்டது.

"இதப் பிரிக்க வழி இருக்கா சார்?"

"தின்னர்ல ஊறப்போட்டா பிசின் கரையும். அந்தப் பட்டு இருக்கிற இருப்புக்கு அதுவும் சேந்து போயிரும். நான் சொல்லிட்டேன்னு செஞ்சுறாத தாயி."

கடையை விட்டு இறங்கும்போது போன் அடித்தது. முத்துராஜ்.

"இந்தா, யோசிச்சுப் பாத்தேன். அரக்குப் பட்டு, பச்சக் கரை. புதுக்கோட்டையில இல்லாத பட்டா? ஒரு மீட்டர் எடுத்துட்டு வா. நாலாவது பந்து இருக்கு, இன்னும் ரெண்டு வாங்கிக்க. ரெண்டு நாள்ல செஞ்சுற மாட்டியா? அவங்க என்ன மைக்ராஸ்கோப்பு வெச்சா பாக்கப் போறாங்க?"

"வாய மூடுங்க" என்று போனை வைத்தாள்.

வைத்தாளே தவிர, கால் எதிர்ச் சாரியில் இருந்த ஜவுளிக் கடைக்குள் ஏறிவிட்டது. அரக்கு என்று கேட்டாள். எடுத்துப் போட்டார்கள். மூன்றாவது துணியைப் பிரித்தபோது அவள் அதை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதே நிறம், அதே மினுமினுப்பு. பக்கத்தில் வைத்தால் அவளுக்கே வித்தியாசம் தெரியாது. மெழுகுக் கறை ஒன்றுதான் இல்லை. மெழுகுதிரிதான் நம் வீட்டிலும் கிடக்கிறதே, கரண்ட் போனால் ஏற்றுகிறோமே, இரண்டு சொட்டு விட்டால் ஆயிற்று என்று ஒரு நினைப்பு ஓடியது.

ஓடிய வேகத்தில் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. என்ன மனுசி நான்! தாய் கல்யாணத்தில் விழுந்த மெழுகு என்று அந்தப் பிள்ளை வருடா வருடம் தடவிப் பார்க்கும். தடவுகிறது நான் சொட்டுவிட்ட மெழுகா? "வேணாங்க" என்று கடைக்காரப் பையனிடம் சொல்லிவிட்டுத் தப்பித்து ஓடுகிறவள் மாதிரி படியிறங்கினாள். பஸ்ஸில் வரும்போது முழு வழியும் அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி, "சாவுக்குப் போயிட்டு வாரீங்களாங்க?" என்று கேட்டாள். புவனேஸ்வரி தலையை ஆட்டிவைத்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் மழை விட்டிருந்தது. முத்துராஜ் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டு அவள் மட்டும் போனாள். இன்னாசி வீட்டு வாசலில் காகித ஸ்டார் கட்டியிருந்தார்கள். உள்ளே ஸ்டூல் மேல் பிளாஸ்டிக் மரம். அன்புமொழி பல்புச் சரத்தைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். மரம் முழுக்க மணியும் நட்சத்திரமும் தொங்கின. முன்பக்கம் கண்ணுக்கு நேரே மூன்று கிளைகள் மட்டும் வெறுமனே இருந்தன.

"வாங்க அத்தை! ஒங்களுக்குத்தான் எடம் விட்டு வெச்சிருக்கேன், பாருங்க" என்றாள் ஷர்லி. "இது அப்பாக்கு. இது பாப்பாவுக்கு. இது எனக்கு."

புவனேஸ்வரி பையை நீட்டினாள். ஷர்லி சிரித்துக்கொண்டே கையை விட்டாள். சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது.

"என்ன அத்தை இது?"

"அதாம்மா."

"எது?"

"அம்மா சேலதாம்மா. நாந்தான் கெடுத்துப்புட்டேன். பூச்சி அரிக்கக் கூடாதுன்னு பாச்சா உருண்டை போட்டு வெச்சேன். அது உள்ள இருந்த பந்த உருக்கிருச்சு. உருகுனது துணியோட ஒட்டிக்கிச்சு. பிரிக்க முடியாது. கேட்டுட்டேன்."

அன்புமொழி கையில் இருந்த பல்புச் சரம் அது பாட்டுக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஷர்லி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மெழுகுக் கறை எங்கே என்று தேடுகிறாள். மூன்றாவதில் இருந்தது. ஊசித்தலைகளுக்கு நடுவே, பிசினுக்குள் பாதி போய், நகத்தளவு தெரிந்தது.

"எலி தின்னுச்சு. மழை தின்னுச்சு. மிச்சமிருந்தது இவ்வளவூண்டு" என்றாள் ஷர்லி. குரல் ஏறவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "அத நம்பித்தானே ஒங்ககிட்ட குடுத்தோம். பெட்டியில போட்டு மூடச் சொல்லி யாரு கேட்டா? நீங்க ஒங்க வீட்ல சும்மா ஒரு மூலையில வெச்சிருந்தாக்கூட இருந்திருக்குமே!"

"ஆமாம்மா."

"ஆமாங்காதீங்க அத்தை! போயிருங்க. நான் ஏதாச்சும் சொல்லிருவேன்."

பின்கட்டிலிருந்து இன்னாசி வந்தார். கையில் சிமெண்டு காய்ந்திருந்தது. மகள் முகத்தைப் பார்த்தார், புவனேஸ்வரியைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் பந்தை வாங்கினார். அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லாம் காதில் விழுந்திருக்கும். நகத்தால் பிசினைச் சுரண்டினார்.

"இது என்ன தங்கச்சி, உள்ள இருக்கிறது?"

"தெர்மாகோலுண்ணே."

"அப்படின்னா?"

"பிளாஸ்டிக்கு மாதிரிதாண்ணே."

அவர் சுவரோரம் இருந்த சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். பந்தை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "அன்னிக்கும் பிளாஸ்டிக்குதான் சுத்துனாங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். புவனேஸ்வரி அதற்குத்தான் தயாராகப் போயிருந்தாள். திட்டு வாங்காமல் திரும்பி வந்தது செருப்படி வாங்கியதைவிட மோசமாக இருந்தது. மறுநாள் முழுக்க மிஷினில் உட்காரவில்லை. மிச்சமிருந்த பாச்சா உருண்டைப் பாக்கெட்டை வெளியே வீசக் கையை ஓங்கினாள். ஆடுமாடு தின்று தொலைக்கும் என்று ஜன்னல் கம்பியில் சொருகிவைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. இன்னாசி இறங்கினார். ஹேண்டில் பாரில் அந்த மஞ்சப்பை தொங்கியது. பின்னால் சாக்கில் சுற்றிய கொத்துக்கரண்டியும் மண்வெட்டியும். வேலைக்குப் போகிற வழி போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"தங்கச்சி, அந்தப் பாச்சா உருண்டை மிச்சம் இருக்கா?"

குத்திக்காட்டத்தான் வந்திருக்கிறார் போல. "எதுக்குண்ணே?"

"இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க. கல்லறைத் தோட்டத்துக்குப் போறேன். பிள்ளைக முன்னாடி போயிருச்சுங்க."

முத்துராஜ் லோடு ஆட்டோவை எடுத்தான். நாலு முந்திரித் தோப்பு தாண்டி, மண்பாதையில் சகதி தெறிக்கத் தெறிக்கப் போனார்கள். அடைக்கலமேரி கல்லறை இன்னாசியே கட்டியது. வழவழவென்று பூசி, சிலுவையை வார்த்து நிறுத்தியிருந்தார். ஷர்லியும் அன்புமொழியும் ஓரமாக நின்றார்கள். ஷர்லி இவளைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

கல்லறையின் கால்மாட்டில், பூச்சுக்கு வெளியே, இன்னாசி மண்வெட்டியைப் போட்டார். மழையில் ஊறிய செம்மண் வெட்ட வெட்ட வந்தது. முழங்கை ஆழத்துக்குத் தோண்டிவிட்டுக் கரண்டியால் அடியைச் சமப்படுத்தினார், அஸ்திவாரத்துக்குப் பார்க்கிற மாதிரி. மஞ்சப்பையில் இருந்து இற்றுப்போன சேலையை எடுத்தார். அன்றைக்குச் சுருட்டிக்கொண்டு போன மிச்சம். அதைக் குழியில் விரித்தார். விரிக்கும்போதே நாலைந்து இடத்தில் கிழிந்தது.

அன்புமொழி தன்னுடைய பந்தை வைத்தாள். இன்னாசி தன்னுடையதை வைத்தார். ஷர்லி கையில் மூன்றாவது இருந்தது. கட்டைவிரல் மெழுகுக் கறையின் மேல் இருந்தது.

"ஒனக்கு வேணும்னா வெச்சுக்க ஆத்தா" என்றார் இன்னாசி.

ஷர்லி தலையாட்டினாள். "வேணாம்ப்பா. அம்மா சேல முழுசாப் போகட்டும்." குனிந்து வைத்தாள். வைத்துவிட்டுத்தான் அழுதாள். அழுதுகொண்டே இரண்டு ஊசி வெளியே நீட்டியிருந்ததை உள்ளே அழுத்திவிட்டாள்.

இன்னாசி சேலையின் ஓரங்களை மூன்றின் மேலும் மடித்துப் போட்டார். பிறகு புவனேஸ்வரி பக்கம் கையை நீட்டினார். அவள் பாக்கெட்டைக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். மூணு வருசமா எனக்கு அந்த நெனப்புதான், கண்ண மூடுனா அதுதான் வருது." அவர் கல்லறையைப் பார்க்காமல் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். "இதப் போட்டா பூச்சி அண்டாதுல்ல?"

"அண்டாதுண்ணே."

"மண்ணுக்குள்ள?"

முத்துராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். புவனேஸ்வரிக்குத் தெரியாது. தெர்மாகோல் விஷயமே தெரியாதவளுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் அம்மா போட்டாள், மாமியார் போட்டார் என்பதுதான்.

"மண்ணுக்குள்ளயும் அண்டாதுண்ணே" என்றாள்.

இன்னாசி பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார். இருந்த உருண்டைகள் அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்து, சேலையைச் சுற்றி நாலு பக்கமும் வைத்தார். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. ஷர்லி இந்தப் பக்கம் உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள். கொஞ்சம் தள்ளிவிட்டு, "அத்தை, நீங்க அங்கிட்டு இருந்து தள்ளுங்க" என்றாள். புவனேஸ்வரி சேலையைச் சொருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் மண்ணில் உட்கார்ந்தாள்.